இரண்டு கையிலும் ஸ்பானர்

வாடிப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் தகரக் கொட்டகை போட்டு மோட்டார் ரிப்பேர் பார்க்கிற ஆண்டிச்சாமிக்குக் கண் எப்படிப் போனது என்று பக்கத்து டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு கதை அவிழ்த்துவிடுவார்கள். வாயில் பீடியோடு எஞ்சினுக்குள் தலையை விட்டான் என்பான் ஒருவன். குடித்துவிட்டு வேலை பார்த்தான் என்பான் இன்னொருவன். அவன் பீடி பிடித்தோ குடித்தோ இந்த ஊரில் ஒருத்தரும் பார்த்ததில்லை. ஆனாலும் வாய் கூசாமல் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குச் சுள்ளென்று ஏறும். டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவேனே தவிர, ஒரு தடவைகூட அவர்களைத் திருத்தியதில்லை. திருத்தினால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

எனக்குத் தெரியும். அன்றைக்கு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணியவன் நான்தான்.

என் பெயர் கருத்தக்கண்ணன். போர் போடுகிற வண்டியில் கம்ப்ரஸர் ஆப்பரேட்டராக இருந்தேன். போர்வண்டி என்றால் ஒற்றை வண்டி இல்லை, ஜோடி. ஒரு லாரி கம்பி கம்பியாக இறக்கிப் பூமியைத் துளைக்கும். இன்னொரு லாரி அதற்குக் காற்று கொடுக்கும். காற்று கொடுக்கிற லாரியின் முதுகில் ஒரு பெரிய டீசல் எஞ்சின். அது ஓடினால்தான் போர் இறங்கும். இரண்டு லாரியும் என் தாய்மாமன் நல்லகாமனுக்குச் சொந்தம். வாடிப்பட்டிக்கும் சோழவந்தானுக்கும் நடுவில் இருக்கிற ஊர் எங்களுடையது. அங்கே அவருக்குத் தென்னந்தோப்பும் வயலும் உண்டு. எண்பத்து மூன்றில் வானம் பொய்த்து எல்லாருடைய கிணறும் பாறையைக் காட்டியபோது, மாமாவுக்கு மட்டும் வேலை மேல் வேலையாக வந்தது.

ஆண்டிச்சாமியும் அதே ஊர்தான். கடைசித் தெரு. அவனுடைய அப்பனும் ஆத்தாளும் என் தாத்தாவின் வயலில் கூலிக்கு நடவும் அறுப்புமாகக் காலத்தைத் தள்ளியவர்கள். இவன் பதினாறு வயதில் வயல் வேலை வேண்டாம் என்று மதுரைக்குக் கிளம்பி, திருநகர் பக்கம் ஒரு டீசல் பட்டறையில் சாமான் கழுவச் சேர்ந்தான். நாலு வருஷம் மண்ணெண்ணெயில் போல்ட்டும் நட்டும் கழுவியதுதான் வேலை. ஒருத்தரும் எதையும் சொல்லித் தரவில்லை. கழுவுகிற சாக்கில் ஒவ்வொரு சாமானும் எங்கே தேய்கிறது, ஏன் தேய்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டான். ஊருக்குத் திரும்பி வந்தபோது இந்த வட்டாரத்தில் அவனுக்குச் சமமாக டீசல் எஞ்சின் பார்க்க ஆள் இல்லை.

இடுப்பு வாரில் எப்போதும் ஓர் அலுமினிய டம்ளர் தொங்கும். எங்கள் ஊர் டீக்கடையில் அவன் தெருக்காரர்களுக்குக் கடை டம்ளர் கிடையாது. அதற்காக அவன் சண்டைக்கும் போகமாட்டான், குழைந்துகொண்டும் நிற்கமாட்டான். தன் டம்ளரை எடுத்து நீட்டுவான், அவ்வளவுதான். அந்தத் திமிர் எனக்குப் பிடிக்காது. உள்ளதைச் சொல்கிறேன், பிடிக்காது.

என்னைவிட இரண்டு வயது இளையவன். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது என்னை ‘அண்ணே’ என்பான். மாமாவோ ஊர்க்காரர்களோ பக்கத்தில் இருந்தால் ‘ஐயா’ என்று மாற்றிக்கொள்வான். அப்படி மாற்றச் சொல்லி நான் சொன்னதில்லை. மாற்ற வேண்டாம் என்றும் சொன்னதில்லை.

அந்த வருஷம் வைகாசியில் கம்ப்ரஸர் எஞ்சினின் டர்போ போயிற்று. டர்போ என்பது எஞ்சினின் தோளில் நத்தை மாதிரி உட்கார்ந்திருக்கிற இரும்புச் சாமான். எஞ்சின் வெளியே தள்ளுகிற புகையின் வேகத்தில் அதன் சக்கரம் சுற்றும். சுற்றி, வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும். அது சுற்றுகிற வேகத்துக்கு எண்ணெய் நிற்காமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்கென்று விரல் மொத்தத்தில் ஒரு பைப்பு கீழிருந்து ஏறிப் போகும். மாமா கோயம்புத்தூர் போய் யாரோ கழற்றிப்போட்ட ஒரு பழைய டர்போவை வாங்கி வந்தார். எனக்கு மாட்டத் தெரியும் என்று மார் தட்டிக்கொண்டு நானே அதை மாட்டினேன்.

எஞ்சின் ஓடிய ஐந்தாவது நிமிஷம், பைப்பு டர்போவில் சேருகிற இடத்தில் எண்ணெய் கசிய ஆரம்பித்தது. இறுக்கினேன், நிற்கவில்லை. இன்னும் இறுக்கினேன், இன்னும் கசிந்தது. பிறகு எனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தேன். எங்கள் பக்கத்தில் பம்புசெட்டு பார்த்துப் பழகிய எவனுக்கும் கசிவு என்றால் ஒரே மருந்துதான்: சணலைப் பிரித்து மரையில் சுற்றி, மேலே வெள்ளை ஈயத்தைத் தடவி முறுக்கிவிடுவோம். சுற்றினேன். கசிவு டக்கென்று நின்றது. மாமா முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். மறுநாள் டர்போ கீச்சென்று கத்தத் தொடங்கி, எண்ணெயும் இன்னொரு பக்கம் பிதுங்கியது. மூன்று நாள் இப்படியே போனதும் மாமா என்னைக் கேட்காமலே ஆண்டிச்சாமிக்கு ஆள் விட்டுவிட்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் வந்தான். லாரிகள் மாமாவின் தென்னந்தோப்பில் நின்றன. மேலே ஏறி போல்ட்டைக் கழற்றினான். ஒரு மெல்லிய கம்பியை வளைத்து பைப்புக்குள் விட்டு, எண்ணெயில் ஊறிய சணல் நாரை இழுத்து இழுத்து வெளியே எடுத்தான். ஒரு கைப்பிடி வந்தது. அதை உள்ளங்கையில் ஏந்தி மாமாவிடம் காட்டினான்.

“இது தண்ணிக் குழாய்க்கு ஆகும் முதலாளி. எண்ணெய்க்கு ஆகாது. நாரு உள்ள போயி வழியை அடைச்சிருச்சு. கசிவு நின்னுருச்சுன்னு ஐயா நெனச்சிருக்காக. நின்னது எண்ணெயேதான். இன்னும் ஒரு நாள் ஓட்டியிருந்தா இந்த டர்போவும் போயிருக்கும்.”

மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். “என்ன மாப்ள, பேசாம நீ பம்புசெட்டுக்கே போயிரு. அதுதான் ஒனக்கு லாயக்கு.”

போர் ஆட்கள் ஆறு பேர் நின்றார்கள், ஆறு பேரும் சிரித்தார்கள். ஆண்டிச்சாமி சிரிக்கவில்லை. அவனும் சிரித்திருந்தால் அவனை ஓங்கி ஒன்று வைத்துவிட்டு அத்தோடு மறந்திருப்பேன். அவன் பாட்டுக்கு அடுத்த வேலையைப் பார்த்தான். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

கசிவுக்குக் காரணத்தை மாமா போன பிறகு என்னிடம் மட்டும் காட்டினான். கோயம்புத்தூர் டர்போவின் எண்ணெய் வாய் பழையதைவிடக் கொஞ்சம் சாய்ந்து இருந்தது. நான் பைப்பை வலுக்கட்டாயமாக இழுத்து அதில் சேர்த்திருந்தேன். “பைப்பு முறுக்கிக்கிட்டு நிக்குதுண்ணே. எம்புட்டு இறுக்குனாலும் கசியத்தான் செய்யும். டர்போ ஒடம்பைக் கொஞ்சம் திருப்பி, வாயை நேரா மேல பாக்க வைக்கணும். செம்பு வாஷர் ரெண்டையும் சுட்டுப் போடணும்.” பிறகு இரண்டு ஸ்பானரை எடுத்துக் காட்டினான். “இறுக்குறப்ப இதுக்கு ரெண்டு கையும் வேணும்ணே. அடியில இருக்குறதை ஒரு ஸ்பானரால அசையாம புடிச்சுக்கிட்டு, மேல இருக்குற போல்ட்டை இன்னொண்ணால இறுக்கணும். ஒத்தக் கையால இறுக்கப் போயித்தான் அடிமரை சுத்தியிருக்கு.” நல்லதனமாகத்தான் சொன்னான். எனக்கு அது குத்திக்காட்டுவதாகப் பட்டது.

மாமா திரும்பி வந்து கூலி என்ன என்று கேட்டபோது அவன் சொன்னதுதான் எல்லாருக்கும் ஆச்சரியம்.

“கூலி வேணாம் முதலாளி. எங்க தெருவுக்கு ஒரு போரு போட்டுக் குடுங்க.”

அந்தத் தெருவில் நாற்பது வீடு. சொந்தக் கிணறு கிடையாது. பெண்கள் மாமாவின் பம்புசெட்டுக்கு வந்து குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார்கள். எங்கள் ஆள் யாராவது மனசு வந்தால் ஊற்றுவான். அந்தக் கோடையில் கிணறு வற்றியதும் மாமா அதையும் நிறுத்திவிட்டார். இரண்டு மைல் நடந்து வைகையில் மணலைத் தோண்டி ஊற்றுத் தண்ணீர் அள்ளி வந்தார்கள். ஒரு குடம் ஊற ஒரு மணி நேரம் ஆகும். ஆண்டிச்சாமியின் பெண்டாட்டி சோணையம்மாள் விடியுமுன் போனால் வெயில் ஏறித்தான் திரும்புவாள்.

மாமாவுக்கு மறுநாள் எஞ்சின் ஓடியாக வேண்டும். காய்ந்துகொண்டிருந்த தன் தோப்பில் முதல் போர், பிறகுதான் வெளியூர் வேலை. “சரிடா. கசிவு நிக்கட்டும். காலையில தோப்புல போட்டுட்டுச் சாயங்காலமே ஒங்க தெருவுக்கு வண்டியை விடுறேன்” என்று ஆறு பேர் கேட்கச் சொன்னார்.

அன்று பொழுது சாய்வதற்குள் கடைசித் தெருவில் இடம் குறித்துவிட்டார்கள். தெரு நடுவே சாணி மெழுகி, ஒரு கல்லை நட்டு, மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் நானும் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை. பைப்பு சூட்டில் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்க்க, ஆண்டிச்சாமி எஞ்சினை அரை மணி நேரம் பாரத்தில் ஓடவிட்டான். டர்போவின் புகைப் பக்கம் சிவந்துபோயிற்று. பத்து மணி சுமாருக்கு நிறுத்திவிட்டு, “ஒரு மணி நேரம் ஆறட்டும் முதலாளி” என்றான்.

“ஒரு மணி நேரமா? பத்தரைக்கு ராகு காலம்டா. ஜோசியர் பத்து இருவத்தஞ்சுக்கு எழுதிக் குடுத்திருக்காரு. அதுக்குள்ள எஞ்சின் சத்தம் கேக்கணும், மொதக் கம்பி எறங்கணும்.”

அவன் மறு பேச்சுப் பேசவில்லை. சாயங்காலம் தெருவுக்கு வண்டி வர வேண்டுமே. சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு அந்தக் கொதிக்கிற இரும்பின் புகைப் பக்கத்தை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்பைத் தளர்த்தி, டர்போ உடம்பைத் திருப்பினான். கீழே இறங்கி, இரண்டு செம்பு வாஷரையும் கம்பியில் கோர்த்துச் சிரட்டை நெருப்பில் சிவக்கச் சுட்டான். விறைத்துப்போன செம்பு சுட்டால் மறுபடி மெத்தென்று ஆகிவிடும், இடுக்கில் நன்றாகப் படியும். சுட்டதைத் தண்ணீரில் முக்க வேண்டும். பத்தடி தள்ளி, போருக்காக எங்கள் டிரம் இரண்டு தளும்ப நின்றது. அதில் அவன் கை வைக்கக் கூடாது என்பது அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். சோணையம்மாள் ஆற்றிலிருந்து வந்த வழியில் குடத்தோடு வேலியோரம் நின்றிருந்தாள். அவளிடம் தன் அலுமினிய டம்ளரில் தண்ணீர் வாங்கி வந்து முக்கினான். ஆற்றுத் தண்ணீரில் ஒரு டம்ளர் அதற்குப் போயிற்று.

திரும்ப மேலே ஏறும்போது என்னிடம் சொன்னான்: “நான் கையைத் தூக்குன பெறகு தட்டுங்க ஐயா. அதுக்கு முந்தித் தட்டிராதீங்க. போல்ட்டும் இறுகல, கிளாம்பும் இறுகல.”

“சரி, சரி” என்றேன்.

ஸ்டார்ட்டர் பட்டன் எஞ்சினின் இந்தப் பக்கம், டர்போ அந்தப் பக்கம். நடுவே எஞ்சினின் மேல்பாகம். அதற்கு மேலாக அவனுடைய தலை, தோள், இரண்டு கை, எல்லாம் எனக்குத் தெரிந்தன. மாமா சூடத்தைக் கொளுத்தி, தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்தார்.

“மாப்ள, தட்டு.”

“அவன் இன்னும் கையத் தூக்கல மாமா.”

“அவன் கையத் தூக்கித்தான் நான் என் தோப்புல வேலை ஆரம்பிக்கணுமா? நேரம் போகுது. தட்டுறா. சும்மா ஒரு சத்தம் குடுத்துட்டு நிப்பாட்டு.”

நான் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். அவனுடைய இரண்டு கையிலும் ஸ்பானர் இருந்தது. ஒன்று பிடித்துக்கொண்டிருந்தது, இன்னொன்று இறுக்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு நிமிஷம் போதும். ஆனால் நேற்று சிரித்த ஆறு பேரும் அங்கேதான் நின்றார்கள். இந்தக் கடைசித் தெருக்காரன் கை தூக்கட்டும் என்று நான் காத்திருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பட்டனை அமுக்கினேன். அமுக்கியதோடு விட்டேனா, ஆக்ஸிலேட்டரையும் முழுசாக இழுத்தேன். பாவி நான். மாமா தேங்காயை உடைத்தார்.

எண்ணெய் அழுத்தத்தோடு மேலேறி, இறுகாத போல்ட்டின் இடுக்கில் விசிறியாகப் பீறிட்டது. தளர்ந்த கிளாம்பின் வழியாக நெருப்பு நாக்கு நீட்டியது. இரண்டும் சேர்ந்த இடத்தில் அவன் முகம் இருந்தது.

நான் குதித்து ஓடினேன். எல்லாரும்தான் ஓடினோம். எஞ்சின் முழு வேகத்தில் கத்திக்கொண்டிருந்தது. முகம் எரிந்துகொண்டிருந்த அந்த மனுஷன் கையால் தடவித் தடவிச் சுற்றி வந்து, ஸ்டாப் கம்பியை இழுத்து எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் கீழே விழுந்தான். எண்ணெய் இல்லாமல் ஓடினால் டர்போ போய்விடும், டர்போ போனால் சாயங்காலம் போர் இல்லை. அதைத்தவிர வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

சோணையம்மாள் ஓடி வந்து குடத்துத் தண்ணீரை அவன் மேல் கொட்டினாள். அது போதவில்லை. எங்கள் டிரம்மை நோக்கி ஓடினாள். மாமா குறுக்கே கையை நீட்டி, “எண்ணெய்த் தீயில தண்ணிய ஊத்தக் கூடாது, மண்ணப் போடுங்கடா” என்றார். லாரியில் எரிந்த எண்ணெய்க்கு அது சரிதான். கீழே கிடந்தவனுக்கு என்ன சொல்வது? ஆட்கள் மண்ணை அள்ளி லாரி மேலும் போட்டார்கள், அவன் மேலும் போட்டார்கள். டிரம் தண்ணீர் அப்படியே இருந்தது.

துளைக்கிற கம்பி ஏற்றி வந்த டிராக்டர் டிரெய்லரில் படுக்க வைத்து மதுரைக்கு அனுப்பினோம். சோணையம்மாள் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனாள்.

வண்டி போன பிறகு ஊர்ப் பெரிய மனுஷர்கள் தோப்பில் கூடினார்கள். கடைசித் தெருவிலிருந்தும் நாலைந்து பேர் வந்து வேலிக்கு வெளியே நின்றார்கள். மாமா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி என்னைக் கேட்டார்.

“மாப்ள, சத்தியமாச் சொல்லு. அவன் கையத் தூக்குனானா இல்லையா?”

கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பதிலும் இருந்தது. ஆனால் மாமா மேல் மட்டும் பழியைப் போட்டால் நான் மனுஷனில்லை. இல்லை என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. அந்தச் சணல் நாரும் சிரிப்பும்தான் நெஞ்சில் நின்றன.

“தூக்குனான்” என்றேன்.

அந்த ஒரு வார்த்தையோடு எல்லாம் முடிந்தது. அவன் அவசரப்பட்டான், அவன் தப்பு, வேலையையும் முடிக்கவில்லை. அப்புறம் எதற்குத் தெருவுக்குப் போர்? இப்படி மாமா சொல்ல, பெரிய மனுஷர்கள் தலையை ஆட்டினார்கள். போல்ட்டில் இரண்டு ஸ்பானரைப் போட்டு நான் முக்கால் சுற்றுச் சுற்றினேன், கிளாம்பையும் இறுக்கினேன். அவ்வளவுதான் பாக்கி இருந்தது. பன்னிரண்டு மணிக்கு மேல் எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் பண்ணினோம். ஒரு சொட்டுக் கசியவில்லை. தோப்பில் இருநூற்றுப் பத்து அடியில் தண்ணீர் தென்னை உயரத்துக்கு அடித்தது. மாமா அதில் நனைந்துகொண்டே சிரித்தார்.

சாயங்காலம் லாரிகளைச் சோழவந்தானுக்கு ஓட்டிப் போனோம். வழி கடைசித் தெருவின் முனையில் திரும்புகிறது. சேதி தெரியாத சில பெண்கள் கல்லைச் சுற்றிக் குடங்களோடு நின்றிருந்தார்கள். லாரியைப் பார்த்ததும் பிள்ளைகளை ஓரமாக இழுத்து வழி விட்டார்கள். நான் கியரை மாற்றித் திரும்பிப் போய்விட்டேன். கண்ணாடியில் பார்த்தபோது அவர்கள் இன்னும் ஓரமாகவே நின்றார்கள்.

ஆண்டிச்சாமிக்கு இரண்டு கண்ணும் போயிற்று. வெளிச்சம், இருட்டு, அது மட்டும் தெரியும். ஆறு மாசம் கழித்து வாடிப்பட்டியில் கொட்டகை போட்டான். தொட்டுப் பார்த்தும் சத்தம் கேட்டும் பம்புசெட்டு மோட்டார்களை ரிப்பேர் பண்ணினான். சோணையம்மாள் ஸ்பானரை எண் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். எனக்கு மாமா போர்வண்டியில் கால் பங்கு எழுதிக் கொடுத்தார். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எண்பத்து ஏழில் மாமா கை கால் விழுந்து படுத்துவிட்டார். வண்டி என் பொறுப்புக்கு வந்தது. எஞ்சினை முழுசாகப் பிரித்து வேலை பார்த்தோம். திரும்ப மாட்டியதும் அதே இடத்தில் அதே கசிவு. மதுரையிலிருந்து இரண்டு மெக்கானிக் வந்து பார்த்தும் நிற்கவில்லை. வேறு வழியில்லாமல் கொட்டகைக்குப் போனேன். வாசலில் செருப்பைத் தேய்த்த சத்தத்திலேயே தெரிந்துகொண்டான்.

“வாங்கண்ணே” என்றான். “கசியுதாக்கும்.”

வந்தான். விரலால் தடவிப் பார்த்து, டர்போவைத் திருப்பி, வாயை மேலே பார்க்க வைத்தான். வாஷர்களைக் கம்பியில் கோர்த்து நெருப்பில் நீட்டிக்கொண்டு, “செவந்துருச்சான்னு நீங்கதாண்ணே பாத்துச் சொல்லணும்” என்றான். சிவந்ததும் சொன்னேன். என் சொல்லை நம்பி எடுத்து முக்கினான். போல்ட்டைப் பொருத்தி, இரண்டு ஸ்பானரையும் போட்டுக்கொண்டு, “இதுக்கு ரெண்டு கையும் வேணும்லண்ணே” என்றான். குரலில் ஒன்றும் இல்லை. இறுக்கி முடித்து, ஸ்பானர்களைக் கீழே வைத்துவிட்டுத்தான் கையைத் தூக்கினான். எஞ்சின் ஓடியது. ஒரு பொட்டு எண்ணெய் இல்லை.

கூலி கேட்டேன்.

“அந்தப் போரு அப்படியே நிக்குதுல்லண்ணே.”

இந்தத் தடவை நான் மறுக்கவில்லை. மறுநாளே லாரிகளைக் கடைசித் தெருவுக்கு விட்டேன். அந்தக் கல் அங்கேயே இருந்தது. அதன்மேலேயே துளைத்தோம். இருநூற்றுப் பத்தில் புழுதி. முந்நூறில் புழுதி. மாமாவின் தோப்பில் அதற்குள் மூன்று போர் போட்டு நாலு வருஷம் ராப்பகலாக உறிஞ்சியிருந்தோம். ஊரின் நிலத்தடித் தண்ணீர் முழுக்க அங்கே போய்விட்டது. நானூறு அடியில் கம்பி தீர்ந்தது. வெள்ளைப் புழுதி பறந்து பெண்களின் வெறும் குடங்களின் மேல் படிந்தது. அவர்கள் வீடுகளுக்குள் போனார்கள்.

ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். லாரிக்குப் பக்கத்தில் நான் மட்டும் நின்றேன். ஆண்டிச்சாமி சோணையம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

“எம்புட்டு அடிண்ணே?”

“நானூறு.”

“அன்னைக்குத் தோப்புல இருநூத்திப் பத்துல வந்துச்சாம்.”

நான் குனிந்து காற்றுக் குழாயைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

“ஒண்ணு கேக்கணும்ணே. நாலு வருசமா மனசுல கெடக்கு. அன்னைக்கு என் கை உங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுல்ல? எஞ்சின் புகை மறைச்சிருக்கும்.”

அவனே வழி விடுகிறான் என்று எனக்கு நெஞ்சு லேசாயிற்று. அழுகைகூட வந்தது.

“ஆமாப்பா. ஒரே புகை. கையே தெரியல. தூக்குன மாதிரி இருந்துச்சு.”

அவன் கொஞ்ச நேரம் என் பக்கமே முகத்தை வைத்திருந்தான். சோணையம்மாள் குனிந்து, புழுதி படிந்த தன் குடத்தை எடுத்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பட்டனை அமுக்கும்வரை எஞ்சின் ஓடவே இல்லை. ஓடாத எஞ்சினுக்குப் புகை ஏது? அது அவனுக்குத் தெரியாதா?

“சரிங்கய்யா” என்றான்.

பக்கத்தில் வேறு ஒருத்தரும் இல்லை.